பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளின் பல்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரிப் பக்கம் பல் மருத்துவராக இருக்கிறேன். மருத்துவமனை வேலை போக, பள்ளிக்கூடங்களில் முகாமுக்கும் போவேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பிள்ளைகள் வரிசையில் வந்து வாயைத் திறப்பார்கள். அவர்களும், மறுநாள் அவர்களை அழைத்துக்கொண்டு வரும் அம்மா அப்பாவும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இங்கே எழுதிவைத்தால் வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

என் மகனுக்கு 13 வயது. கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. விழுந்து முளைக்கிற பல்தானே, அதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

விழாது. அது போனால் போனதுதான். நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனசு கனக்கிறது. ஏனென்றால், கேட்கிற நேரத்தில் பல் பாதி போயிருக்கும்.

நடந்தது இதுதான். முன்பல் ஆடி விழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப் பல்லுக்குக் காத்திருப்போம். ஆனால் ஆறு வயது வாக்கில் ஒரு நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பாற்பல்லும் விழாமலே, பின்னால் வெறுமையாக இருந்த ஈறில் முளைக்கிறது. எதுவும் விழவில்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. பாற்பல் வரிசையோடு ஒட்டி நிற்பதால் அதையும் பாற்பல் என்றே நினைத்துவிடுகிறோம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள். வாழ்நாள் முழுக்க மெல்லுவதற்கான முக்கியத் தூண்கள் இவைதான். ஆயுசுக்கும் வேண்டிய பல்லை, விழப்போகும் பல் என்று எண்ணி ஏழு வருடம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

இன்றைக்கே பாருங்கள். பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, போன் டார்ச்சை அடித்து, நடுப்பல்லிலிருந்து பின்னால் எண்ணுங்கள். ஆறாவது பல்தான் அது. மேல்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ குழி தெரிந்தால், அல்லது ஓரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லாத சொத்தையை ஒரே தடவையில் அடைத்துவிடலாம். இரவெல்லாம் வலிக்க ஆரம்பித்துவிட்டால் ரூட் கெனால் (பல்வேரைச் சுத்தம் செய்து அடைப்பது), கேப் (பல்லுக்கு மேல் மூடி) என்று நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும்.

பிடுங்கிவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை தீர்ந்துவிடாதா?

அந்த வலி தீரும். பிறகு பின்னாலிருக்கும் பல் அந்த இடத்துக்குள் சாயும், எதிர்வரிசைப் பல் இடைவெளிக்குள் இறங்கும், பிள்ளை மறுபக்கமே மெல்லப் பழகும், அந்தப் பக்கமும் கெடும். வேறு வழியே இல்லாத பல்லை நாங்களும் எடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் காப்பாற்ற முடிந்த பல்லை, பஸ் செலவும் கூலி நாளும் போகிறதே என்பதற்காக எடுக்கச் சொல்லும்போது, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் அறுபது வருடம் சோறு மெல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வயதில் ஏன் இவ்வளவு சொத்தை?

பல் புதிது என்பதால்தான். முளைத்து முதல் இரண்டு மூன்று வருடம் பல்லின் மேலோடான எனாமல் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. எச்சிலில் உள்ள தாதுக்களை உறிஞ்சி மெதுவாகத்தான் இறுகும். இரண்டாவது கடைவாய்ப்பல் 12 வயது வாக்கில் வருகிறது. ஆக, 12 முதல் 15 வரை வாய்க்குள் இளம் பற்கள் நிறைய இருக்கின்றன. அதே வயதில்தான் கையில் காசு வருகிறது, டியூஷன் வாசலில் கடை இருக்கிறது, பல் தேய்த்தாயா என்று அம்மா பார்ப்பதும் நின்றுபோகிறது.

இது நம் மாவட்டத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், 12 வயதினரில் 53.8 சதவீதம் பேருக்கும் 15 வயதினரில் 63.1 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. பழைய கணக்குதான். ஆனாலும் வகுப்பில் பாதிக்கு மேல் என்பதை இன்றும் முகாம்களில் கண்ணால் பார்க்கிறேன்.

காலையில் ஒருமுறை நன்றாகத் தேய்த்தால் போதாதா?

போதாது. ஒரே ஒருமுறைதான் முடியும் என்றால், இரவில் தேய்க்கச் சொல்வேன்.

பகலில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. கிருமி உண்டாக்கும் அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குச் சர்க்கரை போட்ட பால் குடித்து, அப்படியே படுத்தால் எட்டு மணி நேரம் பல் சர்க்கரையும் கிருமியும் சேர்ந்த படலத்துக்கு அடியிலேயே கிடக்கும். நம் வீடுகளில் பல் தேய்ப்பது காலைக் கடன். எழுந்ததும் வாய் நாற்றம் போக வேண்டும், காபி குடிக்க வேண்டும் என்பதற்காகத் தேய்க்கிறோம். சொத்தையைத் தடுக்கும் தேய்ப்பு படுக்கப் போகும்போது வருவது.

பிள்ளைகள் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று பெற்றோர் சொல்வார்கள். அந்த வீடுகளில் பெரியவர்களும் இரவில் தேய்ப்பதில்லை. அப்பா பிரஷ்ஷை எடுத்தால் பிள்ளையும் எடுக்கிறது. இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். இன்னொன்று, இரவில் தூக்கக் கலக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் தேய்த்துவிட்டு, அதன்பிறகு தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பேஸ்ட், எவ்வளவு நேரம், எந்தப் பிரஷ்?

பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கத் தேவையில்லை, அது விளம்பரத்துக்காக. மென்மையான நார் உள்ள பிரஷ். 20 ரூபாய் பிரஷ்ஷும் 200 ரூபாய் பிரஷ்ஷும் செய்யும் வேலை ஒன்றே. நார் விரிந்துவிட்டால் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிரஷ்ஷை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக நகர்த்துங்கள். தரையைத் தேய்ப்பதுபோல் குறுக்காக இழுத்தால் ஈறு தேய்ந்து பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். வலது கைக்காரர்களுக்கு வலது பக்கக் கடைசிப் பல்லில் பிரஷ் எட்டுவது கஷ்டம். வாயைப் பாதி மூடிக்கொண்டால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் சொம்பு சொம்பாகக் கொப்பளிக்க வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு என்ற தாது கொஞ்ச நேரம் பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். கடைசியில் நாக்கை வழித்துவிடுங்கள். வாய் நாற்றம் என்று கூச்சப்பட்டுக் கையை வைத்து மறைத்துப் பேசும் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒன்றே போதுமாக இருக்கிறது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? எங்கள் தாத்தா 80 வயதுவரை வேப்பங்குச்சிதான்.

தாத்தாவின் பல்லைக் காப்பாற்றியதில் குச்சிக்குப் பங்கு உண்டு. பெரிய பங்கு அவர் சாப்பாட்டுக்கு. அவர் காலத்தில் கேழ்வரகுக் களியும் கூழும். சர்க்கரை என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். இன்றைய பிள்ளையின் சாப்பாட்டுக்கு அந்தக் குச்சி மட்டும் ஈடுகொடுக்காது. குச்சியை நன்றாக மென்று நாராக்கி, பொறுமையாகத் தேய்த்தால் வெளிப்பக்க அழுக்கு போகும். உள்பக்கமும் கடைசிப் பற்களும் விட்டுப்போகும், ஃப்ளோரைடும் கிடைக்காது. காலையில் குச்சி, இரவில் பேஸ்ட் என்று வைத்துக்கொள்பவர்களை நான் தடுப்பதில்லை.

கரி, செங்கல் தூள், சாம்பல், மணல் வேண்டவே வேண்டாம். தேய்த்த உடனே வெளுப்பாகத் தெரியும், எனாமல் உரிவதால்தான் அந்த வெளுப்பு. கொஞ்ச நாளில் உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும், பல்லும் கூசும். வீடியோ பார்த்து எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை. அது தேய்ப்பதற்கு மாற்றும் இல்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்கிறார்கள். பேஸ்ட்டிலும் ஃப்ளோரைடு வேண்டுமா? இந்தப் பழுப்புக் கறை போகுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே நிலத்தடியில் கடினப்பாறை. அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர்த் தண்ணீர் இந்த மாவட்டங்களில் பல ஊர்களில் உண்டு. இதற்காகவேதான் காவிரி ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது, அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுவரை, அதிக ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போனால் கறை விழுகிறது. வெள்ளைக் கோடு, திட்டு, மோசமாக இருந்தால் பழுப்பு, சின்னக் குழிகள். 13 வயதில் முன்பற்கள் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டன. இப்போது பேஸ்ட் போட்டுத் துப்புவதால் புதிதாகக் கறை வராது. பேஸ்ட்டின் ஃப்ளோரைடு பல்லின் மேலே நின்று சொத்தையைத் தடுக்கிறது. நம் நாட்டில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். எனவே வளர்ந்த பிள்ளைகள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் கவனம்: அரிசி அளவிலிருந்து பட்டாணி அளவுக்குள், பெரியவர் பக்கத்தில் நின்று, விழுங்காமல் துப்பவைத்து. அவர்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைக் கொடுங்கள், போர்த் தண்ணீரை அல்ல. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டினால் குறையும்.

கறை தேய்த்துப் போகாது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முகாமில் வாயைத் திறக்கவே மறுத்தாள். துப்பட்டா நுனியை உதட்டோடு பிடித்துக்கொண்டே பேசினாள். சலவைப் பொடி போட்டுத் தேய்க்கிறேன் சார், போகவில்லை என்றாள். துணிக்கும் தரைக்கும் போடும் பொடியை வைத்துத் தேய்த்து ஈறெல்லாம் புண்ணாகியிருந்தது. உன் பல் அழுக்காக இல்லை, நீ குடித்த தண்ணீரால் வந்தது, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னதும்தான் துப்பட்டாவை எடுத்தாள். லேசான கறையை மேலாக மெருகேற்றிக் குறைக்கலாம். ஆழமானதைப் பல் நிறப் பூச்சால் மறைக்கலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் கறையைப் பார்த்து, பல் தேய்ப்பதில்லையா என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெண் சாக்லேட்டே சாப்பிட மாட்டாள். அவளுக்கு எப்படிச் சொத்தை வந்தது?

டீ எத்தனை குடிக்கிறாள்? காலையில் டீயும் பிஸ்கெட்டும், இடைவேளையில் பன், நாலு மணிக்கு டீயும் மிக்ஸரும், படிக்கும்போது ஒரு பாக்கெட் சிப்ஸ். சாக்லேட் எங்கேயும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை மாவும் சர்க்கரையும் வாய்க்குள் போகும்போது கிருமி அமிலம் சுரக்கிறது, ஏறக்குறைய அரை மணி நேரம் பல்லைக் கரைக்கிறது, பிறகு எச்சில் வந்து சரிசெய்கிறது. மூன்று வேளை என்றால் எச்சிலுக்கு அவகாசம் கிடைக்கும். ஏழெட்டு தடவை என்றால் கிடைக்காது. எவ்வளவு சாப்பிட்டாள் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு லட்டு சாப்பிட்டால் வரும் கெடுதல் குறைவு. ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி மத்தியானம் முழுக்கச் சப்பினால் அதிகம்.

குளிர்பானம் தனிக் கதை. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் ஆறு டீஸ்பூன் வந்துவிடும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது மொத்தத்தையும் அந்த ஒரு பாட்டிலே தின்றுவிடுகிறது. அதோடு அமிலமும் சேர்கிறது. விளையாடிவிட்டு வந்து பத்து ரூபாய் எனர்ஜி டிரிங்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பையன்களின் முன்பல் ஓரம் கண்ணாடிபோல் மெலிந்திருப்பதைப் பார்க்கிறேன். குடித்தால் ஒரேயடியாகக் குடித்து, தண்ணீர் விட்டு வாயை அலசுங்கள். உடனே பிரஷ் போடாதீர்கள். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துவிடும். மோர், வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, தண்ணீர் எல்லாம் பல்லுக்குப் பகை இல்லை.

தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. சில நாள் தேய்க்காமல் விடலாமா?

விட்டால் அதிகமாகும். ஈறோரம் அழுக்குப் படலம் தங்கியதால்தான் ரத்தமே வருகிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்ச அழுக்குக்கே ஈறு சிவந்து வீங்கும். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையே நிதானமாகத் தேய்த்து வாருங்கள், பத்துப் பதினைந்து நாளில் குறைய வேண்டும். குறையாவிட்டால் கல்போல் காரை படிந்திருக்கும். க்ளீனிங் செய்துதான் எடுக்க முடியும். காரணமே இல்லாமல் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், உடம்பில் அங்கங்கே நீலத் திட்டும் காய்ச்சலும் இருந்தால், பொது மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

க்ளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார்களே?

இரண்டும் இல்லை. காரை பல்லைச் சுற்றிச் சிமென்ட்போல் பிடித்திருக்கும். எடுத்ததும் நாக்குக்கு இடைவெளி தெரிவதால் ஆடுவதுபோல் தோன்றும். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

எங்கள் ஊரில் புகை போட்டுப் பல் புழு எடுக்கிறார்கள். புழு விழுவதைக் கண்ணாலேயே பார்த்தேனே?

பார்த்தது பொய் இல்லை, அது புழு இல்லை. கண்டங்கத்திரி விதையைச் சூடேற்றும்போது விதை வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை முளை நூல்போல வெளியே வரும். சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. புகை பட்டதும் கொஞ்சம் மரத்துப்போனதுபோல் இருக்கலாம், ஓட்டை அப்படியேதான் இருக்கும். அந்த ஆறுதலை நம்பி ஒரு வருடம் கழித்து வருகிறார்கள். அதற்குள் பல்லுக்குள் சீழ்.

வலிக்கிற பல்லில் மாத்திரையைப் பொடித்து வைப்பதும், கிராம்புத் தைலத்தை ஈறெல்லாம் தடவுவதும் சதையை வெந்துபோகச் செய்யும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாட்டிக் மூன்று நாள் வலியை அமுக்கும், சொத்தையை ஆற்றாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவென்றாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது.

மகனின் சட்டைப் பையில் டீத்தூள் பை மாதிரிச் சின்னதாக ஒன்று இருந்தது. என்ன அது?

பெரும்பாலும் உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலை. கூல் லிப் என்று பையன்கள் சொல்வார்கள். புகை இல்லை, வாசனை இனிப்பாக இருக்கும், வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். அதனால் வீட்டுக்கும் பள்ளிக்கும் தெரிவதில்லை. உள்ளே இருப்பது நிகோட்டின். கீழுதட்டை வெளியே மடித்துப் பார்த்தால், வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருக்கம் விழுந்திருக்கும். முகாமில் நான் பல்லுக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். 2019இல் நாடு முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த உலக இளையோர் புகையிலை ஆய்வில், 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. பெண் பிள்ளைகளும் அதில் உண்டு.

வெறும் பாக்குதானே என்றும் விட முடியாது. புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கெட் பாக்கைத் தினமும் மெல்லும் பிள்ளைக்குக் கன்னத்தின் உட்சதை நார்நாராக இறுகும். முதலில் காரம் பட்டால் எரிச்சல். சாம்பாரே காரம் என்பான். பிறகு வாய் திறப்பது குறையும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் அழைத்து வாருங்கள். இறுகிய சதையைப் பழையபடி ஆக்க முடியாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், சிலருக்குப் புற்றாக மாறும் ஆபத்தைக் குறைக்கலாம்.

அடிக்காதீர்கள். அடித்தால் ஒளித்து வைக்கும் இடம் மாறும், பழக்கம் மாறாது. நிகோட்டின் அடிமைத்தனம் ஒரு நோய். விட நினைக்கும் பையனுக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், அந்த நாட்களில் பக்கத்தில் இருங்கள். 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். விற்பவர் மீது கோபப்படுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள்ளும், 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கும் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறுவர் நீதிச் சட்டம் 2015இன்படி, சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

கம்பி போட எந்த வயது சரி?

பெரும்பாலோருக்கு 11 முதல் 14. தாடை வளர்ந்துகொண்டிருப்பதால் பல் எளிதாக நகரும். பெரியவர்களானாலும் போடலாம், நாள் கூடுதலாகும். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண் பிள்ளைகளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். 13இல் எளிதாக முடிவது 23இல் பல் எடுக்கும் அளவுக்குப் போகலாம். ஒரு நிபந்தனை: இரவில் தேய்க்காத பிள்ளைக்குக் கம்பி போடாதீர்கள். கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கி, கழற்றும் நாளில் ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக வெள்ளைத் தழும்பு நிற்கும்.

செலவுக்கு வழி இல்லை. இலவசமாக எங்கே பார்க்கலாம்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பெரும்பாலான தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. கொஞ்சம் பெரிய சிகிச்சைக்குச் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். 18 வயதுவரை, பல்லும் அதில் அடங்கும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுப் பைக்குள்ளேயே மக்கிப்போவதுதான் நடக்கிறது. பள்ளியில் பல் பார்த்தார்களா, சீட்டு கொடுத்தார்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்யலாம்.

மருத்துவரிடம் போகும்போது, பள்ளம் ஆழமாக இருந்தால் சீலன்ட் பூச முடியுமா என்று நீங்களே கேளுங்கள். ஊசி இல்லை, துளையிடுவது இல்லை. சொத்தை வராத கடைவாய்ப்பல்லின் பள்ளத்தை மெல்லிய பூச்சால் அடைப்பது. 6 வயதிலும் 12 வயதிலும், பல் முளைத்ததும் செய்தால் நல்ல பலன்.

கபடி ஆடும்போது முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் பல்லைத் தேடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், துணியில் சுற்றாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசி, அந்தக் குழியிலேயே திருப்பி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பச்சைப் பாலில் போடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் காய்ச்சாத பால் பாக்கெட் கிடைக்கும். பால் கிடைக்காவிட்டால், பிள்ளை நிதானமாக இருந்தால், தன் கன்னத்துக்குள்ளேயே ஒதுக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் வேரோடு ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தலைக்கு மருத்துவமனை. பாற்பல் விழுந்திருந்தால் திருப்பி வைக்கக் கூடாது.

இங்கே ஒரு பையன் இப்படித்தான் வந்தான். பி.இ.டி. வாத்தியார் எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றி, பல்லை அதில் போட்டு, தளும்பாமல் இருக்க உள்ளங்கையால் மூடிக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். மூன்று வருடம் ஆகிறது, பல் இன்னும் நிற்கிறது.